வெட்டுப்பட்ட முதல் வரி

போன கிறிஸ்துமஸ் அன்று காலையில், அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க அம்மா தட்டுகளில் கேக்கும் முறுக்கும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கிழக்குத் தோட்டத்துப் பெரியப்பா வீட்டுக்கு என்று ஒரு தட்டை மூடி உன் கையில் கொடுத்தாள், சின்னவளே. நீ வாங்கிக்கொண்டே, "பூச்சியக் கொன்ன மருந்துப் பெரியப்பாவுக்குமா கேக்கு?" என்று கேட்டுச் சிரித்தாய். உன் அக்கா உடனே அதட்டினாள். "ஏய், அப்பாவே அவர மன்னிச்சுட்டாரு. உனக்கென்னடி?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கோயிலுக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். போட்ட பொத்தானையே கழற்றி மறுபடியும் போட்டேன்.

பெரியவளே, நீ அதோடு விடவில்லை. தை மாதம் ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில் மன்னிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நீ மைக் முன்னால் நின்று, எங்கள் வீட்டுப் பட்டுப்பூச்சி எல்லாவற்றையும் பக்கத்துத் தோட்டக்காரர் மருந்து அடித்துக் கொன்றுவிட்டார், ஆனாலும் என் அப்பா அவரை மன்னித்து இன்றைக்கு வரைக்கும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார் என்று சொன்னாய். சபையார் ஆமென் என்றார்கள். போதகர் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். எழுத்துப் பிழை இருக்கும். பெரியவளே, பிழையைத் திருத்திக்கொள், விஷயத்தைத் திருத்தாதே. நாளைக்கு உங்கள் பிள்ளைகளும் இதைப் படிக்கலாம். அவர்கள் எந்த ஊரில் இருப்பார்களோ, பூச்சி என்றால் என்னவென்று தெரியுமோ தெரியாதோ. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கம்பைநல்லூருக்கு இந்தப் பக்கம் நமக்கு இருப்பது கொஞ்சம் நிலம். அதில் மல்பெரி. அதன் தழையைத் தின்னப் பட்டுப்புழு. புத்தகத்தில்தான் புழு என்று போடுகிறார்கள். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பூச்சிதான். பூச்சி ஷெட், பூச்சிக்குத் தழை. என்னையும் ஊரில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பூச்சிக்காரரே என்பார்கள். கிழக்குத் தோட்டத்து அண்ணன் அதையும் சுருக்கி, "ஏப்பா பூச்சி!" என்பார். இருபது வருஷமாக அப்படித்தான். அவர் தோட்டத்துக்கும் நம் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அவர் தக்காளி போடுவார், சில வருஷம் கத்திரி. நம் வீட்டில் என் அம்மா காலத்தில் வேதத்துக்கு வந்தோம். அவர்கள் வீட்டில் தீர்த்தமலைச் சாமியைக் கும்பிடுகிறவர்கள். அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. கிணற்றில் தண்ணீர் குறைந்தால் அவர் மோட்டாரில் ஒரு மணி நேரம் நமக்கு, நம் மோட்டாரில் ஒரு மணி நேரம் அவருக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னால், புது வருஷம் பிறந்த அன்று காலை ஆராதனையில் வழக்கம்போல வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். ஒரு தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் போய், ஜெபித்துவிட்டு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம் அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு. பெரிய சபைகளில் கடையில் வாங்கின வழவழப்பான அட்டை இருக்கும். நம்முடையது தகரக் கொட்டகை. போதகரின் வீட்டம்மா தாளில் வரிசையாக வசனங்களை ஜெராக்ஸ் எடுத்து, கலர் அட்டையில் ஒட்டி, கத்தரிக்கோலால் வெட்டி வைத்திருந்தார்கள்.

நான் எடுத்தது மஞ்சள் அட்டை. திருப்பிப் பார்த்தேன். பூச்சியே என்று கூப்பிட்டு, பயப்படாதே, நான் உனக்குத் துணை நிற்கிறேன் என்று இருந்தது.

திருப்பித் திருப்பிப் படித்தேன், பொய் சொல்லவில்லை. வேதத்தில் இவ்வளவு இருக்கிறது, ராஜாக்கள், யுத்தங்கள், கடல் பிளந்தது, எல்லாம் இருக்கிறது. ஆனால் பூச்சி வளர்க்கிறவன் கைக்குப் பூச்சியே பயப்படாதே என்று ஒரு வசனம் வருமென்று யார் நினைப்பார்கள்? பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினேன். அவர், "உம்ம பூச்சிக்கே தனியா லெட்டர் போட்டிருக்காரு பாரும்" என்றார். எல்லோரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள்.

அட்டையின் மேல் ஓரம் கோணலாக வெட்டுப்பட்டிருந்தது. பூச்சியே என்ற சொல்லுக்கு மேலே ஒரு வரி இருந்து, அதன் அடிப்பகுதி மட்டும், காலும் வாலுமாகக் கொஞ்சம் தெரிந்தது. என்ன எழுத்து என்று தெரியவில்லை. கீழே அதிகாரமும் வசன எண்ணும் சின்னதாக இருந்தன. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு நிமிஷத்தில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எனக்கு வேண்டியது அட்டையிலேயே இருந்தது, பிறகு எதற்குப் புரட்டுவது? அன்று மத்தியானமே அதை ஷெட் கதவில் டேப் போட்டு ஒட்டினேன்.

அந்த வருஷம் முதல் பேட்ச் தையில் நன்றாக வந்தது. தர்மபுரி மார்க்கெட்டில் பட்டுக்கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள், யார் தோட்டத்துக் கூடு என்று கேட்டார்கள். நான் எல்லோரிடமும் வசனத்தைச் சொன்னேன். அண்ணனிடமும் சொன்னேன். அவர் ஷெட்டுக்கே வந்து, கதவில் இருந்த அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "உங்க சாமி பரவால்லப்பா. பூச்சி வரைக்கும் விசாரிக்குது. தக்காளிக்கு ஏதாச்சும் எழுதியிருக்குதான்னு பாரு" என்றார்.

இரண்டாவது பேட்ச் மாசியில் இறக்கினேன். பூச்சி தன் வாழ்நாளில் நான்கு தடவை தோல் உரிக்கும். அதற்காக ஒருநாள் தின்னாமல், தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். அதை நாங்கள் ஜுரம் என்போம். நாலாம் ஜுரம் எழுந்த பிறகு ஒரு வாரம் அது தின்கிற தீனி கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஒரு வாரத்துத் தழைதான் கூடாகிறது. அந்த வருஷம் மாசியிலேயே வெயில் ஏறிவிட்டது. நடுத்தோட்டத்தில் தழை சுருங்கிப் போயிருந்தது. கிழக்கு வரப்பை ஒட்டி நாலு வரிசை மட்டும் வாய்க்கால் ஈரத்தில் கருகருவென்று நின்றது.

ஜுரம் எழுந்த இரண்டாம் நாள் காலையில் நான் அரூர் வரைக்கும் போயிருந்தேன். திரும்பி வந்ததும் உங்கள் அம்மா முதலில் சொன்னது இதுதான்.

"ஏங்க, கெழக்கால அண்ணன் வந்துட்டுப் போனாரு. தக்காளிக்கு மருந்து அடிச்சிருக்காராம். காத்து நம்ம பக்கம் திரும்பிருச்சாம். வரப்போரம் நாலு வரிசைய பதினஞ்சு நாளைக்குத் தொடக்கூடாதுன்னாரு. ரெண்டு வாட்டி சொல்லிட்டுப் போனாருங்க."

"சரி" என்றேன்.

மறுநாள் காலை தழை வெட்டப் போனேன். நடுத்தோட்டத்தில் வெட்டினேன், பாதித் தாங்கிக்குக்கூடக் காணாது. தாங்கி என்பது பூச்சி கிடக்கிற அடுக்குப் பரண். நிமிர்ந்து பார்த்தால் அந்த நாலு வரிசை. ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தேன், ஒரு வாடையும் இல்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடித் தழையைப் பத்துப் பூச்சிக்குப் போட்டு மத்தியானம் வரைக்கும் பார்க்க வேண்டும். பூச்சி வளர்க்கிற எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் தழைக்கட்டின் மேல் கையை வைத்து ஜெபித்தேன். ஆண்டவரே, பூச்சிக்குத் துணை நிற்கிறேன் என்று நீர்தானே சொன்னீர் என்று. ஜெபித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஷெட் வாசலில் அம்மா கேட்டாள்.

"கெழக்கால வெட்டலதானே?"

"இல்ல. நடுவுலதான்."

பிள்ளைகளே, நான் சொன்ன பொய் அது. விசுவாசம் என்று நினைத்துக்கொண்டு செய்த காரியத்துக்கு எதற்குப் பொய் வேண்டியிருந்தது? அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விசுவாசமாக இருந்திருந்தால், "ஆமா, வெட்டினேன், வசனத்த நம்பி வெட்டினேன்" என்று நேராகச் சொல்லியிருப்பேனே.

பத்து மணிக்குத் தீனி போட்டேன். மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன். வழக்கமாக அந்த வாரம் கதவைத் திறந்தாலே நறுநறுவென்று தின்கிற சத்தம் கேட்கும். சத்தமே இல்லை. தாங்கியில் பார்த்தால், பூச்சிகள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டுகின்றன. வாயிலிருந்து பச்சைத் தண்ணீர். சில சுருண்டு கீழே விழுந்து கிடந்தன. நான் தழையை வாரி வாரி வெளியே எறிந்தேன். எறிய எறியப் பூச்சிகள் கையில் ஈரமாக ஒட்டின. சாயங்காலத்துக்குள் மூன்று தாங்கியும் அடங்கிப்போயிற்று.

பெரியவளே, நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஷெட் வாசலில் பையோடு நின்றாய். "என்னாச்சுப்பா?" என்றாய். நான், "பெரியப்பா மருந்து அடிச்சிட்டாரும்மா. காத்துல வந்து எல்லாத் தழையிலயும் எறங்கிருச்சு" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது வாயில். நீ அழுதாய். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னதை நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள்.

அண்ணன் ஓடி வந்தார். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுகிற வரைக்கும் கூடவே நின்று மண் தள்ளினார். "நாலு வரிசையோட நிக்கும்னு நெனச்சேன்யா. தோட்டம் முழுக்கவா எறங்கியிருக்கு? அவ்வளோ காத்து அடிக்கலயே" என்று மூன்று நான்கு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மௌனத்தை அவர் கோபம் என்று எடுத்துக்கொண்டார். அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் வரப்புப் பக்கம் வருவதில்லை. ஒருநாள் ஒரு பை நிறையத் தக்காளியைக் கொடுத்தனுப்பினார். சின்னவளே, நீ அதைக் கொண்டுபோய் அவர்கள் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாய். நான் உன்னைத் தடுக்கவில்லை. பங்குனியில் அவர் தலையை மொட்டை அடித்துக்கொண்டு வந்தார். நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூட வேனில் ஏறும்போது, "மருந்துப் பெரியப்பா மொட்டப் பெரியப்பா" என்று ராகம் போட்டீர்கள். அவர் காதில் விழுந்தது. துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

நான் கோயிலுக்குப் போய்வந்தேன். வீட்டு ஜெபமும் நடந்தது. வாய் மட்டும் ஜெபித்தது. உள்ளுக்குள் ஆண்டவரிடம் எனக்கு ஒரு வழக்கு இருந்தது. வசனத்தைக் கொடுத்துவிட்டுக் கைவிட்டீர் என்று. அண்ணன் மேல் பழி, ஆண்டவர் மேல் பழி. வெட்டினவன் மேல் மட்டும் ஒன்றும் இல்லை. எப்படியும் கூடு கட்டினால் வெந்நீரில் போகிற ஜீவன்தானே என்றுகூட எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது நிற்கவில்லை.

மே மாதம் விடுமுறை வேதப் பள்ளியில் உங்களுக்கு வசனப் போட்டி வைத்தார்கள். பெரியவளே, உனக்குப் பதினைந்து வசனம் மனப்பாடம். ஞாபகம் இருக்கிறதா? விளக்கு வைக்கிற நேரத்தில் நீ என் எதிரில் உட்கார்ந்தாய். "அப்பா, புத்தகத்தப் புடிச்சுக்கிட்டு தப்பு இருந்தா சொல்லுங்க" என்றாய். நான் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றுவிட்டாய்.

"அப்பா, இதுல ஒரு டவுட்டு. யாக்கோபுங்கறது மனுசன்தானே? எதுக்கு யாக்கோபு என்னும் பூச்சியேன்னு போட்டிருக்கு?"

நான் குனிந்து பார்த்தேன். என் விரலுக்குக் கீழேயே இருந்தது. யாக்கோபின் பேரைச் சொல்லி, அவனைப் பூச்சி என்று கூப்பிட்டு, பயப்படாதே, நான் துணை நிற்கிறேன் என்று. என் மஞ்சள் அட்டையில் கத்தரிக்கோல் தின்ற வரி அந்தப் பேர்.

"பூச்சின்னா பட்டுப்பூச்சி இல்லயாப்பா?" என்று சின்னவள் கேட்டாள்.

"இல்லடி, ஆளத்தான் பூச்சின்னு சொல்றாரு" என்றாய் நீ. பிறகு என்னைப் பார்த்து, "யாக்கோபு ஏமாத்துனவருதானேப்பா? அப்பாகிட்ட பொய் சொல்லி, அவங்கண்ணனுக்கு வர வேண்டியதப் புடுங்கிக்கிட்டவரு. அவருகிட்ட போயி எதுக்கு பயப்படாதேன்னு சொல்றாரு ஆண்டவரு?" என்றாய்.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஞாயிறு பள்ளிக் கதையை வைத்துக்கொண்டு கேட்டாய். "டீச்சரக் கேளு" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

காலி ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். கதவில் அந்த அட்டை இன்னும் இருந்தது, வெயிலில் மஞ்சள் வெளுத்துப்போய். இத்தனை மாதமாக நான் அதைப் பூச்சிக்கு எழுதின கடுதாசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதினது எனக்கு. நான் பேரை விட்டுவிட்டுப் படித்தேன். மேல் ஓரத்தை வெட்டினது போதகர் வீட்டுக் கத்தரிக்கோல், சரி. புரட்டிப் பார்க்காமல் விட்டது யார்?

ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். ஆனால் வெட்கம் மட்டும் வந்திருந்தால் நான் எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன். இன்னொன்றும் வந்தது. ஆண்டவர் சிங்கமே என்று கூப்பிட்டு பயப்படாதே என்று சொல்லவில்லை. சிங்கத்துக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பூச்சியே என்று கூப்பிடுகிறார். ஏமாற்றினவன், பொய் சொன்னவன், அண்ணன் முகத்தில் விழிக்கப் பயந்து கிடக்கிறவன், இவன் யாரென்று தெரிந்துதான் கூப்பிடுகிறார். தெரிந்தும் துணை நிற்கிறேன் என்கிறார்.

அந்தக் காலித் தாங்கிகளைப் பார்த்தேன். பூச்சிக்குக் கடிக்கத் தெரியாது. ஓடத் தெரியாது. கண்ணும் சரியாகத் தெரியாது. மேலே இருந்து ஒரு கை தழையைப் போட்டால் தின்னும். நல்ல தழையா, விஷத் தழையா என்று அது கேட்காது, கையை நம்பித் தின்னும். அன்று காலை அவை என் கையை நம்பித் தின்றன. என் கை அப்படிப்பட்ட கை. என்னைப் பூச்சி என்று கூப்பிடுகிறவரின் கை என் கையைப்போல் இருக்காது. இதை எனக்கு எந்தப் பிரசங்கமும் சொல்லித் தரவில்லை. காலி ஷெட்டில் உட்கார்ந்து நானே கண்டுகொண்டது. அன்றுதான் பல நாட்களுக்குப் பிறகு என் வாயும் உள்ளமும் சேர்ந்து ஜெபித்தன. பெரிய ஜெபம் இல்லை. நான்தான் வெட்டினேன் ஆண்டவரே என்று மட்டும்.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைவதை நிறுத்தவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டுக் கேட்டாள்.

"அன்னிக்கி நான் கேட்டனே."

"கேட்ட."

"இல்லன்னு சொன்னீங்க."

"ஆமா."

"பூச்சி போனது கூடப் போவுது. என்கிட்ட எதுக்குங்க பொய்யி?"

அரிசியை உலையில் போட்டுவிட்டு, "அண்ணன்கிட்ட எப்ப போறீங்க?" என்றாள். நான், ஒரு கோழியைப் பிடித்து முதலில் அண்ணன் வீட்டு அக்காவுக்குக் கொடுத்தனுப்பு, பிறகு நான் போகிறேன் என்றேன். அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது.

"யாக்கோபும் அதத்தான் பண்ணாரு. அண்ணன் கோவத்தத் தணிக்க ஆடு மாடெல்லாம் முன்னால ஓட்டி வுட்டுட்டு அவரு கடைசியில வந்தாரு. கோழிய முன்னால வுட்டு நீங்க பின்னால போவீங்களா? வெறுங்கையோட போங்க."

மறுநாள் காலையில் வெறுங்கையோடு வரப்பைத் தாண்டினேன். அவர் தக்காளிச் செடியைக் குச்சியில் சணல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மொட்டை போட்ட தலையில் முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது.

"என்னப்பா பூச்சி, வழி தெரிஞ்சுதா?" என்றார்.

"அண்ணா, அந்த நாலு வரிசைய நான்தான் வெட்டிப் போட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. "எந்த நாலு வரிசை?"

"நீங்க தொடாதன்னு சொன்னீங்களே. அதத்தான் வெட்டுனேன். அதத் தாண்டி காத்துல ஒண்ணும் வரல."

சணலைக் கீழே போட்டார். "நான் சொன்னத தங்கச்சி உன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னாண்ணா. அவ மேல தப்பில்ல. தெரிஞ்சுதான் வெட்டுனேன், தழை மேல கைய வெச்சு ஜெபம் பண்ணிட்டுப் போட்டேன்."

அவர் கை தானாகத் தலைக்குப் போயிற்று. அந்தக் குட்டை முடியைத் தடவிக்கொண்டார்.

"அப்ப இது?"

நான் விழித்தேன்.

"இது எதுக்குன்னு தெரியுமாய்யா உனக்கு? எத்தன ஆயிரம் உசுரு என் கையால போச்சோன்னு தீர்த்தமலைக்குப் போயி இந்த வயசுல மொட்ட போட்டுக்கிட்டு வந்தேன். மூணு மாசமா எங்க வூட்டுல கோழி அடிக்கல, உங்கக்கா வுடல. ஊருல கேட்டவனுக்கெல்லாம் சும்மா வேண்டுதல்னு சொன்னேன். உன் புள்ளைங்க மொட்ட மொட்டன்னு பாடுச்சுங்க. சரி, நாம பண்ணதுக்கு நாலு பேச்சு கேட்டுக்குவோம்னு துண்டப் போட்டுக்கிட்டுப் போனேன். என் மொட்டைக்கு என்னய்யா பதிலு?"

அழுகையும் சிரிப்பும் இல்லாத ஒரு முகம் அப்போது அவருக்கு. 

"வசனம் ஒட்டி வெச்சிருந்தியே கதவுல. அது இதத்தான் சொல்லிக் குடுத்துச்சா?"

"இல்லண்ணா. அது சொன்னத நான் சரியாப் படிக்கல. நேத்துதான் முழுசாப் படிச்சேன். படிச்சதாலதான் வந்திருக்கேன்."

"போ. இப்ப எதுவும் பேசாத. போயிரு."

வந்துவிட்டேன். யாக்கோபின் அண்ணன் ஓடி வந்து கட்டிப்பிடித்தான் என்று வேதத்தில் இருக்கிறது. நம் அண்ணன் அப்படிச் செய்யவில்லை. அவர் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவும் முடியாது. இரண்டு மாதத்துக்குப் பக்கம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நான் பேசிவிட்டு வந்த இரண்டாம் நாள் அக்கா மோர் வாங்க வந்தவர்கள், உங்கள் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். "ஆளு பயங்கரக் கோவத்துல இருக்காரும்மா. ஆனா மாசியிலிருந்து பாதித் தூக்கத்துல எந்திரிச்சு உக்காருவாரு. நேத்து ராத்திரி உக்காரல. நல்லாத் தூங்குனாரு."

அதைக் கேட்டபோதுதான், நான் கொன்றது பூச்சியை மட்டும் இல்லை என்று எனக்கு விளங்கியது. ஒரு மனுஷனின் மூன்று மாதத் தூக்கம்.

ஆடியில் மறுபடியும் பூச்சி இறக்கினோம். ஒருநாள் விடிந்த நேரம், நான் வரப்போரம் தழை வெட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏப்பா பூச்சி! நாளைக்கு மருந்து. நாலு வரிசை இல்ல, ஆறு வரிசை வுட்டுரு. கைய வெச்சு ஜெபம் பண்ணி வெட்டிராத! இன்னொரு வாட்டி மொட்ட போட எனக்கு முடி இல்ல!"

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த வருஷமும் மாசியில் அதையே சொன்னார். அவர் சாகிற வரைக்கும் சொல்வார். நான் சாகிற வரைக்கும் கேட்டுக்கொள்வேன்.

இவ்வளவும் உங்கள் அம்மாவுக்குத் தெரியும், அண்ணனுக்கும் அக்காவுக்கும் தெரியும். உங்கள் இரண்டு பேருக்குத்தான் நான் சொல்லவில்லை. அப்போது, "பெரியப்பா மேல தப்பில்ல, இனிமே அப்படிப் பேசாதீங்க" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். அப்பா மன்னித்துவிட்டார், அப்பா எவ்வளவு நல்லவர் என்று. நான் திருத்தவில்லை. நல்ல பேர் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? அண்ணனிடம் போய்ச் சொல்லத் தைரியம் வந்தவனுக்குத் தன் பிள்ளைகளிடம் சொல்ல மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பயப்படாதே என்ற வசனம் ஒருதடவை படித்தால் தீர்ந்துபோகிற வசனம் இல்லை. திரும்பத் திரும்பப் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த மஞ்சள் அட்டையைத் தேடினால் ஷெட் கதவில் இருக்காது. நான் முகம் மழிக்கிற கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருக்கிறேன். வெட்டுப்பட்ட இடத்துக்கு மேலே பேனாவால் யாக்கோபு என்று எழுதினேன். இடம் போதாமல் எழுத்து கண்ணாடிச் சட்டத்தின் மேலும் ஏறிப் போயிருக்கிறது. இவ்வளவு நாளாக அது என்ன கிறுக்கல் என்று நீங்கள் கேட்டதில்லை. இதுதான்.

வேதத்தைப் படியுங்கள். உங்களுக்குப் பிடித்த இடத்தில் ஆரம்பித்துப் பிடித்த இடத்தில் நிறுத்தாதீர்கள். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி சேர்த்துப் படியுங்கள். உங்கள் பேர் அங்கேதான் இருக்கும்.

பெரியவளே, சபையில் நீ சொன்ன சாட்சியைப் பற்றி நீ ஒன்றும் செய்ய வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் நானே எழுந்து சொல்கிறேன். இரண்டு நாளாக ஷெட்டில் நின்று சொல்லிப் பார்க்கிறேன், பாதியிலேயே நின்றுவிடுகிறது. பரவாயில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டு இரண்டு பேரும் வரப்பைத் தாண்டிப் போங்கள். நான் கூட வரமாட்டேன். பெரியப்பா தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருப்பார். மருந்துப் பெரியப்பா என்று கூப்பிடாதீர்கள், பெரியப்பா என்று கூப்பிடுங்கள். மன்னிப்புக் கேளுங்கள். சின்னவளே, திருப்பி வைத்துவிட்டு வந்த அந்தத் தக்காளிப் பையைப் பற்றியும் சொல். அவர் மொட்டையைப் பற்றி அவரே ஆரம்பிப்பார். அப்போது சிரிக்கலாம். இந்தத் தடவை அவரோடு சேர்ந்து சிரியுங்கள்.